வினையை விலைக்கு வாங்க முடியுமா?

ஒருவர் செய்த தீவினையை இன்னொருவர் செய்த நல்வினையால் கழித்துக்கொள்ள முடியுமா? சமணரும் பௌத்தரும் சைவரும் தமிழ் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி இது. இன்று அதே கேள்வி நெல் வயலின் வரப்பில் வந்து நிற்கிறது. எங்கோ ஓர் ஊரில் ஒரு விவசாயி தன் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனைக் குறைக்கிறார். அந்தக் குறைவை அளந்து, சான்றிதழாக்கி, கார்பன் கிரெடிட் என்ற பெயரில் விற்கிறார்கள். வாங்குவது ஒரு விமான நிறுவனமாக இருக்கலாம், எண்ணெய் நிறுவனமாக இருக்கலாம். வாங்கியவர் தன் புகைக் கணக்கில் அவ்வளவைக் கழித்துக்கொண்டு, தன்னால் பூமிக்குக் கேடு இல்லை என்று அறிவித்துவிடுகிறார். விவசாயிக்குப் பணம் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பணம் கொடுத்தவரின் வினையைத் தீர்த்துவிடுகிறது என்ற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை. அறத்தாலும் அது நிற்காது, கணக்காலும் நிற்காது.

முதலில் வயலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று இறங்குவது நின்றுபோகிறது. சில நாள்களில் மண்ணில் மிச்சமிருந்த ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். அதன்பின் அடித்தாளையும் பழைய வேரையும் மக்கச் செய்வது ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவை மீத்தேனை வெளியிடுகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி நீர்க்குமிழியாகக்கூட மேலே வருவதில்லை. வேருக்குக் காற்றைக் கொண்டுபோக நெற்பயிர் தன் தண்டுக்குள் வைத்திருக்கும் நுண்குழல்கள் வழியாகவே ஏறி வெளியேறுகிறது. சேற்றில் நெல்லை உயிரோடு வைத்திருக்கும் அதே வழிதான் மீத்தேனுக்கும் வாசல். இதைக் குறைக்கும் வழியை நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். ஓர் அடி நீளமுள்ள, சுற்றிலும் துளையிட்ட குழாயை வயலில் பதித்து வைக்க வேண்டும். அதற்குள் தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பலமுறை காய்ந்த வயல், ஓயாமல் நீர் நின்ற வயல் வெளியிடும் மீத்தேனில் ஏறத்தாழ 55 சதவீதத்தையே வெளியிடுகிறது என்பது ஐபிசிசி என்னும் பன்னாட்டு அறிவியல் குழுவின் கணக்கு. காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், அதனால் யூரியாவை அளவோடு போட வேண்டும். மகசூல் விழாமல் இதைச் செய்ய முடியும் என்று பல நாடுகளில் சோதித்து அறிந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவு என்று பரவிய முறையிலும் இந்த நீர் மேலாண்மை ஓர் அங்கம். அந்த முறையை 1983-ல் மடகாஸ்கரில் ஏழை உழவர்களுக்காக உருவாக்கியவர் ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார். அப்போது அவர் மனத்தில் மீத்தேன் இல்லை; பசி இருந்தது.

வேளாண்மை, கால்நடை, காடழிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2019-ல் மனிதர் வெளியிட்ட பசுமைக்குடில் வாயுக்களில் சுமார் 22 சதவீதத்துக்குக் காரணம். அதில் பாதிக்கு அருகில், காட்டை வெட்டி நிலமாக்குவதால் வருவது. மீதியில் மாட்டின் ஏப்பமும் நெல் வயலும் உரமும் அடங்கும். இவற்றைக் குறைக்காமல் வெப்பம் 1.5 டிகிரியோடு நிற்காது. ஆகவே குறைக்க வேண்டுமா என்பது விவாதமே இல்லை. குறைத்ததன் பலன் யாருடைய கணக்கில் சேரும் என்பதில்தான் அறக்கேள்வி தொடங்குகிறது.

இந்த இடத்தில் பழைய வாதங்கள் உதவுகின்றன. சமணம் இதில் கறாரானது. வினை செய்த உயிரோடு ஒட்டிக்கொள்கிறது, அதை அந்த உயிரே உதிர்க்க வேண்டும், வேறொருவர் தவம் செய்து கழித்துக் கொடுக்க முடியாது. பௌத்தம் கொஞ்சம் இளகியது. புண்ணியத்தைப் பிறருக்கு அளிக்கலாம் என்று அது ஏற்கிறது. இலங்கையில் இறந்தவர்களுக்காகப் புண்ணியம் அளிக்கும் சடங்கு இன்றும் நடக்கிறது. ஆனால் மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலாகச் சொல்லப்படும் பாலி நூலில், நல்வினையைப் பகிரலாம், தீவினையைப் பகிர முடியாது என்று பிரித்தே சொல்லப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பாவப் பரிகாரச் சீட்டை எதிர்த்து 1517-ல் மார்ட்டின் லூதர் கிளம்பியது எல்லோருக்கும் தெரிந்ததே. கார்பன் கிரெடிட்டை அந்தச் சீட்டோடு ஒப்பிடுவது மேற்கில் வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு பொருத்தமாகத் தோன்றினாலும் அது திருச்சபைக்கு அநியாயம் செய்கிறது. கோட்பாட்டளவில் அந்தச் சீட்டும்கூட மனம் வருந்தி, பாவத்தை விட்டவனுக்கே உரியது. இனிச் செய்யப் போகும் பாவத்துக்கு அது அனுமதி தரவில்லை. நம் கோயில்களில் சொல்லும் பரிகாரமும் அப்படித்தான். செய்ததற்கு வருந்தி, இனிச் செய்யேன் என்ற உறுதியோடு, தானே சென்று செய்ய வேண்டியது. எந்தச் சமயமும், உன் தவற்றைத் தொடர்ந்து செய், வேறொருவரை நல்லது செய்யச் சொல்லிக் கூலி கொடுத்துவிடு என்று அறம் வகுக்கவில்லை.

இவற்றைவிட ஆழமாக விஷயத்தைத் தொடுவது சைவ மரபின் ஒரு கருத்து. பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் காஞ்சியில் பௌத்தம் கற்று, அதில் நிறைவு காணாமல் சைவத்துக்குத் திரும்பும்போது அவர் மனத்தைத் திருப்பியது இந்தக் கருத்துதான்: செயல், செய்தவர், அதன் பயன் என்ற மூன்று போதாது, பயனைச் செய்தவரிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்று நான்காவதாக ஒருவரும் வேண்டும். கடவுளை நம்பாதவருக்கும் இந்த நாலாவது இடம் ஒரு பெரிய கேள்வியை வைக்கிறது. வானத்துக்குப் போகும் புகைக்கு அப்படி ஒரு சேர்ப்பவர் இல்லை. புகை விட்டவர் வீட்டில் மட்டும் வெயில் கூடுவதில்லை. அவர் தலையில் மட்டும் புயல் விழுவதில்லை. பயன் உலகம் முழுவதும் சிதறி, பெரும்பாலும் விடாதவர் மேலேயே விழுகிறது. 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை சாய்ந்த பேராவூரணிக்காரர் எந்த விமானத்திலும் ஏறியிராதவராக இருக்கலாம். ஒரு புயலைத் தனியே எடுத்து இன்னார் புகையால் வந்தது என்று சொல்ல முடியாது என்பது உண்மை. கடல் சூடாக ஆகப் புயலின் வலு கூடுகிறது என்பதும், அந்தச் சூட்டில் அவர் பங்கு அநேகமாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை. வினையையும் வினைப்பயனையும் இணைக்கும் கண்ணி இங்கே அறுந்து கிடக்கிறது. ஆகவே வினைப்பயனைச் செய்தவரிடம் சேர்க்கும் வேலையை இங்கே மனிதர்கள்தான் செய்ய வேண்டும். சட்டம், வரி, அரசு என்ற வழிகளில். கார்பன் கிரெடிட் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அறுந்த கண்ணியைக் கட்டாமல், செய்தவரை அவர் செயலிலிருந்து இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அப்படியானால் நெல் வயலின் மீத்தேன் யார் வினை? வயல் விவசாயியுடையது, சேற்றில் காலை வைத்தவர் அவர், ஆகவே வினையும் அவருடையது என்பது மேலோட்டமான விடை. இந்த விடையை நம் மரபு எப்போதோ கேள்வி கேட்டுவிட்டது. கொன்றவர் வேறு, தின்றவர் வேறு, தின்றவருக்குப் பாவமில்லை என்ற பௌத்த வாதத்தை நீலகேசி என்ற சமணக் காப்பியம் மறுக்கிறது. வாங்குகிறவர் இருப்பதால்தான் கொலைத்தொழில் நடக்கிறது என்ற தர்க்கம் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலும் இருக்கிறது. அந்த அதிகாரத்தை உணவு ஒழுக்கமாக மட்டும் படிப்பது அதன் பொருளைச் சுருக்குவதாகும். ஒரு செயலால் பயனடைகிறவரும் அந்தச் செயலில் பங்காளி என்ற பொதுவிதி அதில் இருக்கிறது. அந்த விதிப்படி நெல்லின் மீத்தேனில் சோறு உண்ணும் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. பாலுக்கும் அப்படியே. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பசுவும் எருமையுமாக 30 கோடிக்கு மேல் இருக்கின்றன; அவற்றின் ஏப்பத்துக்கு மேய்ப்பவர் மட்டும் பொறுப்பல்ல. ஆனால் எல்லாப் பங்கும் ஒரே எடை உள்ளதல்ல. உயிர் வாழ உண்ணும் சோறும், வசதிக்காக எரிக்கும் எரிபொருளும் வாயுக் கணக்கில் ஒரே டன்னாக இருக்கலாம், அறக்கணக்கில் ஒன்றாகாது.

இந்த வேறுபாட்டை உலக அரங்கில் உரக்கச் சொன்னவர்கள் டெல்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும். அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, வளரும் நாடுகளின் வயலையும் மாட்டையும் பணக்கார நாடுகளின் கார்களோடு ஒரே தட்டில் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தியபோது, 1991-ல் அவர்கள் அதற்கு விரிவாக மறுப்பு எழுதினார்கள். பிழைப்புக்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு என்றார்கள். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கு மேல் மீத்தேன் விடுவதாக ஓர் அமெரிக்க அரசு மதிப்பீடு இருந்தது. இயற்பியலாளர் ஏ.பி.மித்ரா தலைமையில் நாட்டின் பல பகுதிகளில் வயலிலேயே பெட்டி வைத்து அளந்தார்கள். கிடைத்தது 40 லட்சம் டன் அளவில்தான். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! செய்யாத வினையையும் ஏழையின் தலையில் ஏற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாதத்தை ஓர் எல்லைக்கு மேல் நீட்டுவதும் நேர்மையல்ல. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் 2021-ஆம் ஆண்டின் உலக உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் ஏழையின் பிழைப்பு என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் சரி. ஆனால் ஏழை விவசாயியைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பதும், அவர் வயலில் எதையும் மாற்ற வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. குற்றம் இல்லாத இடத்திலும் கடமை இருக்கலாம். நஞ்சு கலந்ததை அறியாமல் உணவு பரிமாறியவருக்குக் குற்றம் இல்லை. அறிந்த பிறகும் பரிமாறுவது வேறு செயல். எண்ணமே வினையின் எடையைத் தீர்மானிக்கிறது என்று புத்தர் சமணரோடு வாதிட்டதாகப் பௌத்த நூலான உபாலி சூத்திரம் சொல்கிறது. அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டாலும், அறிவு வந்த பிறகு எண்ணமும் மாற வேண்டியதாகிறது. விவசாயிக்கும், அவர் நெல்லை உண்ணும் நமக்கும், அதை வாங்கும் அரசுக்கும் இப்போது அறிவு வந்துவிட்டது.

இனி எதிர்வாதங்கள். வானத்துக்கு யார் விட்டார் என்று தெரியாது, ஒரு டன் எங்கே குறைந்தாலும் ஒரு டன்தான், மலிவாகக் குறைக்கக்கூடிய இடத்தில் குறைப்பதே புத்திசாலித்தனம் என்பார்கள் பொருளியலாளர்கள். வலுவான வாதம்தான். ஆனால் மீத்தேனும் கரியமில வாயுவும் வெவ்வேறு காலத்தில் வாழ்கின்றன. மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைகிறது. கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்கும். இவற்றை ஒரே டன்னாக மாற்றும் எண் நாம் எத்தனை ஆண்டை அளவாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது: நூறு ஆண்டு என்றால் ஒரு டன் மீத்தேன் 27 டன் கரியமில வாயுவுக்குச் சமம், இருபது ஆண்டு என்றால் சுமார் 80 டன்னுக்கு. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. இன்றைய தலைமுறைக்கு எவ்வளவு மதிப்பு, இனிப் பிறப்போருக்கு எவ்வளவு மதிப்பு என்ற தீர்ப்பு அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. காட்டுக்கும் இந்தக் காலச் சிக்கல் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2021-ல் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, கிரெடிட்டுக்காகக் கணக்கில் வைக்கப்பட்டிருந்த காட்டையும் எரித்தது. அந்த மரங்களைக் காட்டி விடப்பட்ட புகை வானத்தில் இருக்கிறது, மரங்கள் சாம்பலாகிவிட்டன. காலம் சமமாக இருந்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. புவியைக் காக்க எரிபொருள் புகை பூஜ்யத்துக்கு வர வேண்டும், வயல் மீத்தேனும் பெருமளவு குறைய வேண்டும். இரண்டும் நடந்தே ஆக வேண்டியவை. ஒன்றைச் செய்து மற்றதைச் செய்ததாக எழுதிக்கொண்டால், இரண்டு கடமையில் ஒன்று காணாமல் போகிறது. முதலில் உன் புகையைக் குறை, குறைக்கவே முடியாத மிச்சத்துக்கு மட்டும் கிரெடிட் வாங்கு என்று நிபந்தனை போடுவோரும் உண்டு. அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் எது குறைக்க முடியாத மிச்சம் என்பதைப் புகை விடுகிறவரே முடிவு செய்யும் வரை அந்த நிபந்தனைக்குப் பல் இல்லை.

எப்படியும் நடந்திருக்கக்கூடியதற்குக் கிரெடிட் தருவதும் இந்தச் சந்தையின் தீராத நோய். சீனாவில் பருவத்தின் நடுவே வயலை வடிப்பது பல பத்தாண்டுகளாகப் பரவலான பழக்கம். அப்படிப்பட்ட நாட்டில், காயவிட்டதற்கு என்று கிரெடிட் கேட்டுப் பல திட்டங்கள் வந்தன. சான்றளிக்கும் பெரிய அமைப்பான வெர்ரா, நெல்லுக்கான பழைய கணக்கு முறையையே 2023-ல் நிறுத்தி, 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று தள்ளுபடி செய்தது. திருத்திக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் நடக்காமல் போன ஒன்றோடு நடந்ததை ஒப்பிட்டு விற்கும் சரக்கில் இந்தச் சந்தேகம் முழுதாகத் தீராது. போப் பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலில் கார்பன் கிரெடிட் வாணிபம் புதுவகை ஊகச் சூதாட்டத்துக்கு இடம் தரலாம், சில நாடுகளின் மிதமிஞ்சிய நுகர்வுக்குத் துணைபோகலாம் என்று எச்சரித்ததையும் இங்கே நினைவுகூரலாம்.

மனத்தைத் தொடும் எதிர்வாதம் வேறொன்று. தத்துவம் பேசி விவசாயிக்கு வரும் பணத்தைத் தடுக்கிறீர்களே என்பது. எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். தெற்காசிய வயல் ஒன்று ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடும் என்பது ஐபிசிசியின் பொதுக்கணக்கு. 120 நாள் பயிரில் 45 சதவீதம் குறைந்தால், ஏக்கருக்கு மிச்சமாவது கரியமில வாயுக் கணக்கில் சுமார் அரை டன். டன்னுக்குப் பத்து டாலர் கிடைப்பதாக வைத்தாலும் ஐந்து டாலர், அதாவது நானூறு ரூபாய்ச் சொச்சம். அதிலும் அளப்பவர், சான்றளிப்பவர், தரகர் பங்கு போக வேண்டும். நீர் நின்றால் களை அமுங்கும், காயவிட்டால் களை எழும். எழுந்த களையைப் பறிக்க ஓர் ஆளின் ஒருநாள் கூலிக்கே அந்தப் பணம் சரியாகப் போகும். காவிரி டெல்டாவில் பட்டா ஒருவர் பெயரில் இருக்க, குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் இன்னொருவராக இருப்பது சாதாரணம். ஒப்பந்தம் பட்டா பார்த்துப் போடப்பட்டால் பாடுபட்டவருக்கு அந்த நானூறும் இல்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பா வயல் தானே மூழ்கிக் கிடக்கும்போது காயவிடுவது யார் கையிலும் இல்லை. முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் ஊரில், அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் கையிலிருக்கும் தண்ணீரை வற்றவிடத் துணிய மாட்டார். பம்புசெட் உள்ள குறுவைக்காரருக்கே இது எளிது. இந்த இடர்களையெல்லாம் தாங்குபவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது கூலியும் காப்பீடும் உறுதியான தண்ணீரும். அவற்றைத் தரக் கடமைப்பட்டவர்கள் அந்த நெல்லை உண்பவர்களும், வானத்தை நிறைத்தவர்களும். அப்படிக் கொடுப்பது பழைய கடனைத் திருப்பித் தருவதாகும். அதைக் காட்டிப் புதிதாகப் புகைவிட உரிமை கேட்க முடியாது.

இது நடைமுறைக்கு ஆகாத கனவு என்று சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க் 2024-ல் எடுத்த முடிவின்படி, 2030 முதல் கால்நடை வாயுவுக்குக் கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் வரி. அதில் 60 சதவீதம் கழிவு உண்டு. 2035-ல் வரி 750 குரோனராக உயரும். வயலில் ஒரு பகுதியைக் காடாக மாற்றவும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். செய்தவரிடமே பயனைச் சேர்க்கும் முயற்சி இது. அங்கே பண்ணையாளர்கள் பணக்காரர்கள், நாடும் பணக்கார நாடு. நம் இரண்டு மாட்டுக்காரரிடம் இந்த வரியைப் போடுவது கொடுமையாகும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விதியை: பயனடைந்தவர் செலுத்தட்டும், மாறுகிறவர் பெறட்டும், கணக்கில் யாரும் யாருடைய பெயரிலும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

நம்மிடம் இதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மத்திய அரசின் ஆதரவு விலைக்கு மேல் தமிழக அரசு ஊக்கத்தொகை கொடுத்துத்தான் கொள்முதல் நிலையங்களில் நெல் வாங்குகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விளைவித்த நெல்லுக்கு, பட்டாவைப் பார்க்காமல் சாகுபடி செய்தவருக்கே, அதே வழியில் கூடுதல் தொகை சேர்த்துக் கொடுக்க முடியும். ரேஷன் அரிசி உண்ணும் நாம் எல்லோரும் அதன் வழியே நம் பங்கைச் செலுத்தியவர்கள் ஆவோம். வெளிநாட்டு நிறுவனங்கள் உதவ விரும்பினால் தாராளமாக உதவட்டும். தங்கள் புகையைத் தனியே எழுதிக் குறைக்கட்டும். கோயில்களுக்கும் மடங்களுக்கும் இதில் தனிப்பொறுப்பு இருக்கிறது. அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் நாலே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு, அதில் கணிசமானது நெல் விளையும் நஞ்சை. வினையையும் வினைப்பயனையும் பற்றி ஊருக்குச் சொல்லும் நிறுவனங்கள் அவை. நீரை வற்றவிட்டுப் பயிர் செய்யும் தங்கள் குத்தகைதாரருக்கு இடர் வந்த பருவத்தில் குத்தகையைத் தள்ளிக் கொடுப்பதாக அவை முதலில் அறிவிக்கட்டும்.